அம்மாவின் கல்லும் கமிட்டியும்

அந்தக் கல் கோயிலின் வடக்குச் சுவரை ஒட்டி, இரண்டு பனந்தடிகளின் மேல் மல்லாந்து கிடந்தது. எங்கள் ஊரில் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், நாலு விரல் கனம். கோவில்பட்டியிலிருந்து வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் வந்தது. மேலே ஒரு பருத்திச் சாக்கு போர்த்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் சாக்கின் ஓரத்தைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் உதட்டை அசைத்துப் படிப்பார்கள். தெரியாதவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்ப்பார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வாக்கியம் மனப்பாடமாகியிருந்தது. 'ஷீ லவ்டு திஸ் வில்லேஜ் மோர் தேன் ஹெர் ஹஸ்பண்டு' என்று சங்கீதம் ஒப்பிக்கிற ராகத்தில் சொல்லிக்கொண்டு ஓடுவார்கள். தமிழில் சொன்னால், 'இவள் இந்த ஊரைத் தன் கணவனைவிட அதிகமாக நேசித்தாள்.' அது என் அம்மாவின் கல்லறைக் கல். வாக்கியத்தை எழுதியவர் அப்பா. அது சரியான ஆங்கிலமா என்று கோயில் கமிட்டி சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கல் அங்கே காத்துக் கிடந்தது.

அம்மா அந்த ஊர் மருந்தகத்தில் நர்ஸாக இருந்தாள். மருந்தகம் என்றால் இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும்தான். டாக்டர் வாரத்தில் ஒரு நாள் ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் அம்மாதான். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, பருத்திக் காடுகளுக்கு நடுவே நடந்தால் வருகிற ஊர் அது. அப்பா கோவில்பட்டியில் ஒரு பருத்திக் கிட்டங்கியில், அதாவது கிடங்கில், ரைட்டர். பம்பாய்க்கும் கோயம்புத்தூருக்கும் ஆங்கிலத்தில் வியாபாரக் கடிதங்கள் எழுதுவது அவருடைய வேலை. வாரம் முழுவதும் கிட்டங்கி மாடியில் தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வருவார். ஊரில் அவரை ரைட்டர் சார் என்பார்கள். அவர் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரியில். அங்கே மண் சிவப்பு மணல், காலில் ஒட்டாது. கரிசல் அவருக்குப் பழகவே இல்லை. மழைக்காலத்தில் வாசலில் நின்று குச்சியால் செருப்பைச் சுரண்டிக்கொண்டே, "இது மண்ணா, தீப்பெட்டி ஆபீஸ் பசையா?" என்பார். "உங்க தேரியில ஒரு கம்பங்கதிர் வெளைஞ்சு காட்டுமா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்பாள். இது வருடாவருடம் நடக்கும்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குத் தூத்துக்குடியில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு வரலாம், வீடும் உண்டு என்றார்கள். அம்மாவுக்கும் அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீங்க போங்க. சனிக்கெழம சனிக்கெழம வாங்க. இந்தப் பிள்ளைக எல்லாம் என் கையில விழுந்ததுக. அடுத்த பிள்ளைய யார் கையில குடுத்துட்டுப் போகச் சொல்லுதீங்க?" அப்பா தூத்துக்குடிக்கு எழுதிய மறுப்புக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். நல்ல ஆங்கிலம். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா இறந்தது ஓர் ஆவணி மாதம். காய்ச்சல் என்றார்கள். நான் அப்போது மதுரையில் பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படித்துக்கொண்டிருந்தேன். தந்தி வந்தபோது ஒரு படிக்கட்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். மீதி இருந்த கோடுகளைப் போட்டு முடித்தேன். பேனாவைத் துடைத்து வைத்தேன். பலகையிலிருந்து தாளை எடுத்துச் சுருட்டினேன். பிறகுதான் விடுதிக்குப் போய்த் துணி எடுத்தேன். எனக்கு எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டுத்தான் செய்ய வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. ஊருக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் தயாராக இருந்தது. அழுகிறவர்கள் அழுதார்கள். ஓர் அக்கா என் தோளை உலுக்கி, "அழுதுருட்டி, அழுதுரு" என்றாள். எனக்கு வரவில்லை. வராதது பற்றியும் ஒன்றும் தோன்றவில்லை.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, கரிசல் காட்டின் நடுவில் இருந்தது. தோட்டம் என்பது பேர்தான். சுற்றி ஒரு தாழ்வான சுவர், முள்ளடர்ந்த ஓர் உடைமரம், அவ்வளவுதான். அங்கே வரிசையாக அடக்கம் செய்கிற வழக்கம் கிடையாது. குழி வெட்டுகிறவரை ஊரில் கல்லறை அண்ணாச்சி என்பார்கள். அவர் ஒரு நீளமான இரும்புக் கம்பியால் தரையை அங்கங்கே குத்திப் பார்ப்பார். கீழே சுக்கான் தட்டினால் அடுத்த இடத்துக்குப் போவார். சுக்கான் என்பது கரிசலுக்கு அடியில் இருக்கிற சுண்ணாம்பு ஓடு. சில இடத்தில் ஆழத்தில் கிடக்கும், சில இடத்தில் மேலேயே கிடக்கும். ஆழமாக மண் கிடைக்கிற இடத்தில்தான் குழி. ஆகவே யார் எங்கே கிடக்கிறார்கள் என்பது, கல் வைத்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு, அவர் தலைக்குள்தான் இருந்தது. ஊரில் அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

கல் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. கரிசல் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் ஊதி, வெடிப்பை எல்லாம் மூடிக்கொள்ளும். புதுக் குழியின் மேல் உடனே கல் வைத்தால் முதல் மழையிலேயே சாய்ந்துவிடும். ஒரு மழையும் ஒரு கோடையும் போக வேண்டும். மண் அமுங்கியபின், அடுத்த ஐப்பசிக்கு முன்னால் மணல் போட்டுக் கல்லைப் படுக்க வைத்துவிட வேண்டும். அதுவரை மண்மேடும் ஒரு மரச் சிலுவையும்தான் அடையாளம். மரத்தைக் கரையான் ஒரு வருடத்துக்குமேல் விட்டுவைக்காது. அப்பா கணக்குப் பார்த்து மாசியிலேயே கல்தச்சரிடம் சொல்லிவிட்டார். சித்திரையில் கல் ஊருக்கு வந்தது. ஆராதனை முடிந்து நின்ற கூட்டத்தில் கல்லறை அண்ணாச்சி அப்பாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "ஐப்பசிக்கு முன்ன போட்டுரணும் ரைட்டர் சார். பொறவு மண்ணு தன்னைத்தானே தூத்துக்கிடும். எடத்தப் பத்திக் கவலப்படாதிய, நான் இருக்கம்லா."

அப்பாவுக்குத் தெரியாமல் போனது கமிட்டியின் தீர்மானம். எங்கள் ஊரில் கல்லறை வாசகம் ஆங்கிலத்தில் இருப்பதுதான் மரியாதை. சில வருடங்களுக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெரிய பாதிரியார் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தபோது, ஒரு கல்லின் முன்னால் நின்று படித்துவிட்டு லேசாகச் சிரித்தாராம். என்ன தப்பு என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. அந்தச் சிரிப்பு ஊரில் நெடுநாள் இருந்தது. அதன் பிறகு, எந்தக் கல்லாக இருந்தாலும் அதில் உள்ள ஆங்கிலம் சரி என்று கமிட்டி ஒருமனதாகச் சொன்ன பிறகே தோட்டத்துக்குள் போகலாம் என்று தீர்மானம் போட்டார்கள். கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும்.

வைகாசிக் கூட்டம் கோயில் தாழ்வாரத்தில் நடந்தது. நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். காபித் தூக்கோடு போனதால் முழுவதையும் கேட்டேன். போதகர் ஐயா நடுவில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் அவருக்கு வலதுபுறம். அவரை ஊரே சார்வாள் என்று அழைக்கும். ஆங்கிலம் என்றால் கடைசி வார்த்தை அவருடையது. வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி முழங்கால் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா சரின்னு சொல்லவும் வாய் வரல" என்றார்.

நிலபுலம் உள்ள ஒரு சபை மூப்பர் எழுந்தார். "கட்டுன புருஷனவிட ஊர நேசிச்சான்னு கல்லுல வெட்டி வைக்கலாமா ஐயா? நாளைக்கு நம்ம வீட்டுப் பொம்பளைகளும் பாக்கும்லா?"

"அப்படி ஏன் வே எடுக்கேரு? புருஷன் இந்த ஊர நேசிச்சதவிட இந்தம்மா கூடுதலா நேசிச்சான்னும் எடுக்கலாம்லா?" என்றார் சார்வாள்.

"அப்போ ரைட்டருக்கு நம்ம ஊரப் புடிக்கலன்னு கல்லுலயே வெட்டிட்டாரு. அது இதவிட மோசம்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. போதகர் ஐயா அவரைப் பார்த்து, "நீங்க எத நெனச்சு எழுதுனீங்கன்னு சொல்லிட்டா முடிஞ்சிருமே" என்றார்.

"கல்லுல என்ன இருக்கோ அதத்தான் ஐயா நெனச்சேன்."

சார்வாள் ஒரு வழி சொன்னார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை, 'டிட்' என்று சேர்த்துவிட்டால் இரண்டாவது அர்த்தம் மட்டும் நிற்கும், சந்தேகம் இருக்காது. கடைசி வரி கல்லின் ஓரம் வரை போய்விட்டது, இடமில்லை என்றார் அப்பா. மேலே சின்னதாக வெட்டலாமே என்றார் சார்வாள். "நீங்க செவப்பு மையில திருத்துன பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கும் சார்வாள்" என்றார் அப்பா. அதற்கும் சிரிப்பு வந்தது, ஆனால் முன்னைவிடக் குறைவாக. கடைசியில், பாளையங்கோட்டையில் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிற ஒரு பேராசிரியருக்கு எழுதிக் கேட்பது என்று முடிவாயிற்று. அடுத்த கூட்டம் ஆவணியில்.

மறுநாள் நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அம்மாவின் மேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மேடு வந்திருந்தது. ஊரில் சேவு, மிட்டாய்க் கடை வைத்திருந்த, உறவு என்று யாரும் இல்லாத ஒரு கிழவர் மாசியில் இறந்திருந்தார். அம்மாவின் சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அடியில் கரையான் மண். வடக்குச் சுவரின் இரண்டு மூலைகளிலிருந்து சிலுவைக்கு இரண்டு அளவு எடுத்தேன். இரண்டு மூலை, இரண்டு தூரம். தரையில் அந்தப் புள்ளியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பிடித்துவிடலாம். படிப்பில் முதல் மாதத்திலேயே சொல்லித்தருகிற கணக்கு இது. திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். "நல்லது" என்றார். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த முறையில்தான் கேட்டேன். "அப்பா, ஒண்ணு, அம்மாவுக்கு உங்களவிட ஊர்மேல பிரியம். ரெண்டு, உங்களுக்கு ஊர்மேல இருந்ததவிட அம்மாவுக்குக் கூடப் பிரியம். ஒண்ணா, ரெண்டா? சொல்லிருங்க, கல்ல வச்சிரலாம்."

"மூணாவதா ஒண்ணு இருந்தா சொல்லு" என்றார். பிறகு, "அத அவகிட்டல்லா கேட்டுருக்கணும்" என்றார். தூத்துக்குடி வேலையை நினைத்துச் சொன்னார் என்று எனக்குப் பட்டது. அடுத்த வாரம் மதுரைக்குப் போய்விட்டேன்.

மீதி எல்லாம் அப்பாவின் கடிதங்கள் வழியாகத்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்கு எழுதும்போது அவர் தமிழில்தான் எழுதுவார். சுருக்கமாக, வியாபாரக் கடிதம் மாதிரி இருக்கும். ஆவணிக் கூட்டத்துக்குள் பேராசிரியரின் பதில் வந்துவிட்டது. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, இரண்டு பொருளுக்கும் இடம் உண்டு, எந்தப் பொருள் என்பதை எழுதியவரே சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார். நியாயமான பதில்தான். கமிட்டிக்கு அது போதவில்லை. இடம் உண்டு என்றால் சரி என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்று மூப்பர் கேட்டார். அப்பா மறுபடியும் கல்லில் இருப்பதுதான் என்றார். சரியா, தப்பா, ஒரே வார்த்தையில் சொல்லும்படி திரும்ப எழுதிக் கேட்க முடிவு செய்தார்கள். அந்தப் பதில் வரத் தாமதமாயிற்று. சார்வாளே அந்த வயதில் பஸ் மாறிப் பாளையங்கோட்டைக்குப் போனார். பேராசிரியர் ஊரில் இல்லை. சார்வாள் அன்றே திரும்பி வந்து, அப்பாவைப் பார்த்து வருத்தம் சொல்லிவிட்டுப் போனாராம். இதை நான் எழுதக் காரணம், யாரும் அம்மாவுக்குக் கெடுதல் செய்ய நினைக்கவில்லை என்பதற்காக. அவளுக்கு வைக்கிற கல்லைப் பார்த்து நாளைக்கு எவனும் சிரித்துவிடக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை. அந்தக் கமிட்டியில் இருந்தவர்களின் பிள்ளைகளில் பாதிப் பேர் அம்மாவின் கையில் பிறந்தவர்கள்.

புரட்டாசியில் கல்லறை அண்ணாச்சி இறந்துபோனார். கிணற்றடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்குக் குழி வெட்ட வேறு ஊரிலிருந்து ஆள் வந்தது. வந்தவர்கள் அவருடைய கம்பியை வைத்தே குத்திப் பார்த்து, மண் ஆழமாக இருந்த இடத்தில், அதாவது அம்மாவும் மிட்டாய்க் கிழவரும் கிடந்த இடத்துக்கு அடுத்தாற்போல் வெட்டினார்கள். அப்பா அதை ஒரே வரியில் எழுதியிருந்தார். அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. கார்த்திகைக் கூட்டம் நடக்கவில்லை. பாதையில் வண்டியும் போகவில்லை, ஆளும் போகவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு நான் வந்தபோது பேராசிரியரின் ஒரே வார்த்தைப் பதிலும் வந்திருந்தது. 'கரெக்ட்.' கமிட்டி அவசரமாகக் கூடி, வாக்கியம் சரி என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பாதை காய்ந்திருந்தது. கல்லை வண்டியில் ஏற்றினார்கள். போதகர் ஐயா, சார்வாள், மூப்பர், கமிட்டி ஆட்கள், அப்பா, நான், இரண்டு வேலையாட்கள் எல்லோரும் வண்டிக்குப் பின்னால் நடந்தோம். நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போனேன்.

தோட்டத்தின் சுவர் புதிதாக இருந்தது. மழையில் வடக்குச் சுவர் முழுவதும் விழுந்துவிட்டதாம். ஊரார் சேர்ந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பழைய இடத்தில் மண் குழைந்து கிடந்ததால் சற்றுத் தள்ளி, கெட்டித் தரை பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். அஸ்திவாரத்துக்குப் பழைய கற்களையே தோண்டி எடுத்துப் போட்டுவிட்டார்கள். வழியில் நின்ற உடைமரத்தையும் வெட்டிவிட்டார்கள். எவ்வளவு தள்ளி என்று கேட்டேன். ஒருவர் நாலு எட்டு என்றார், இன்னொருவர் அவ்வளவு இருக்காது என்றார். நான் அளவு எடுத்த இரண்டு மூலைகளும் இப்போது இல்லை. மூன்று மேடுகளும் இல்லை. அவை இருந்த இடத்தில் ஒரே ஓர் அகலமான பள்ளம், தண்ணீர் நின்று வற்றி, ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. சிலுவைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. நான் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

முதலில் யாருக்கும் விஷயம் உறைக்கவில்லை. வேலையாட்களில் ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "எங்கன ஐயா?" என்று கேட்டார். அப்பா ஓர் இடத்தைக் காட்டினார். சார்வாள், "இல்ல ரைட்டர், அன்னைக்கு நான் மரத்துக்குக் கெழக்க நின்னேன். அம்மா எனக்கு நேரா இருந்தாவ" என்று இன்னோர் இடத்தைக் காட்டினார். "மரம் எங்கன நின்னுச்சு?" என்று மூப்பர் கேட்டார். அதற்கு மூன்று பேர் மூன்று இடம் காட்டினார்கள். போதகர் ஐயா ஒன்றும் காட்டவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் தோண்டிப் பாத்தா தெரிஞ்சிரும்" என்றது ஒரு குரல்.

"தோண்டக் கூடாது" என்றார் அப்பா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

சார்வாள் தயங்கித் தயங்கி, "அப்போ இத அடுத்த கூட்டத்துல வச்சு..." என்று ஆரம்பித்தார்.

"வாக்கியம் சரியான்னு பாக்க ஒரு மழ போயிட்டு. எடம் சரியான்னு பாக்க இன்னும் எத்தன மழ வேணும் சார்வாள்?" என்றார் அப்பா.

சார்வாள் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மாடு தலையை ஆட்டியதில் மணி கேட்டது. கல்லறை அண்ணாச்சியின் மகளும் வந்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுக்கிறவர். அன்று வேலையை விட்டுவிட்டு, தன் அப்பாவின் இடத்தையும் பார்க்கலாம் என்று வந்தவர். அவர்தான் பேசினார்.

"நடுவுல போட்டுருங்க ரைட்டர் சார். மூணு பேரும் இந்தப் பள்ளத்துக்குள்ளதான கெடக்காவ. மூணு பேருக்கும் ஒரே கல்லா இருந்துட்டுப் போகட்டும். எங்க அய்யா ஒண்ணும் நெனைக்க மாட்டாவ."

"அது எப்படித் தாயி? கல்லுல பொம்பளைக்குல்லா எழுதியிருக்கு. கூடக் கெடக்கது ரெண்டு ஆம்பள" என்றார் மூப்பர்.

"ஆமா, அப்போ வாக்கியம் பொருந்தா..." என்ற சார்வாள் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

அப்பா வண்டிக்குப் பக்கத்தில் போனார். சாக்கை எடுத்து மடித்து வண்டியின் மூங்கிலில் போட்டார். கல்லில் இருந்ததை ஒருமுறை படித்தார். "திருப்பிப் போடுங்க" என்றார்.

"எத?"

"கல்லத்தான். எழுத்து கீழ பாக்க."

"ரைட்டர், அப்படிப் போட்டா யாரும் படிக்க முடியாதே" என்றார் போதகர் ஐயா, மெதுவாக.

"படிச்சாச்சுல்லா ஐயா. ஊரே படிச்சாச்சு. சரின்னும் சொல்லியாச்சு. இனி யாரு படிக்கணும்?"

அதற்குப் பிறகு எல்லாம் வேலைதான். கரிசலில் கல் அசையாமல் இருக்கச் சுக்கான் வரை வெட்டி மணல் நிரப்ப வேண்டும். அது எனக்குத் தெரியும். அவ்வளவு ஆழம் வெட்ட அப்பா விடவில்லை, எனக்கும் விருப்பமில்லை. முழங்கை ஆழம் மட்டும் எடுத்து, ஓடை மணல் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் விட்டு மிதிக்கச் சொன்னேன். மணலின் விளிம்பு கல்லைவிட ஒரு சாண் வெளியே வரட்டும் என்றேன். மட்டம் பார்த்தேன். கிழக்கு ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது. எடுத்துச் சரிசெய்யச் சொன்னேன். கல்லைப் புரட்டும்போது எழுத்துகளின் பள்ளத்தில் இருந்த வைக்கோல் துகள்கள் உதிர்ந்தன. பிறகு மேலே கொத்தாத சொரசொரப்பான பக்கம் மட்டும் இருந்தது. போதகர் ஐயா ஜெபம் பண்ணினார். மூன்று பேரின் பெயரையும் சொன்னார். கல்லறை அண்ணாச்சியின் மகள் அழுதார். மிட்டாய்க் கிழவருக்கு அழ ஆள் இல்லாததால் அவருக்கும் சேர்த்து அழுததாகப் பின்னால் என்னிடம் சொன்னார். நான் அப்போதும் அழவில்லை. கையில் ஈர மணல் ஒட்டியிருந்தது. அதைத் தட்டி விட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் வரைவாளராக இருக்கிறேன். கரிசல் தாலுக்காக்களில் கட்டுகிற பள்ளிக்கூடங்களுக்கும் மருந்தகங்களுக்கும் அஸ்திவாரம் வரைகிறேன். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் மணல் நிரப்புவது பற்றிய குறிப்பை நானே எழுதுவேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எழுதிவிட்டு இரண்டு தடவை படிப்பேன். ஒரே அர்த்தம்தான் வருகிறதா என்று பார்ப்பேன். மேற்பார்வையாளர் என் குறிப்புகளை மெச்சுவார். அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர்.

அப்பா கிட்டங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தேரிக்குப் போவார் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே அவருக்கு ஒரு பங்கு வீடு இருக்கிறது. போகவில்லை. என்னோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன். "அங்க வந்து என்ன செய்ய? மழ பெஞ்சா செருப்புல சொரண்டக்கூட ஒண்ணும் இருக்காதே" என்றார். மருந்தகத்துக்கு எதிரே ஒரு வீட்டில் இருக்கிறார். சார்வாள் தினமும் சாயங்காலம் அங்கே வருகிறார். இரண்டு பேரும் ஒரே செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் வந்த ஆங்கிலத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டு பேருமே எடுப்பதில்லை. அதற்கு எந்த அர்த்தம் என்று நானும் பிறகு கேட்கவில்லை.

போன மாதம் போயிருந்தேன். அப்பாவோடு தோட்டத்துக்கு நடந்தேன். கல் இரண்டு மழைக்குப் பிறகு வடக்கே நகர்ந்திருக்கிறது, ஒரு மூலை இறங்கியிருக்கிறது. பாதி ஆழத்துக்கு மணல் போட்டால் இப்படித்தான் ஆகும். கல்லறை அண்ணாச்சியின் மகள் அன்று காலையில் வந்திருக்க வேண்டும். கல்லின் ஒரு முனையில் கனகாம்பரம் இருந்தது. இன்னொரு முனையில், கிழவருக்காக இருக்கலாம், இரண்டு சீனி மிட்டாய். எறும்பு மொய்த்திருந்தது. அம்மா இந்தக் கல்லுக்கு நேர் கீழே இருக்கலாம். தலைமாட்டுக்கு அப்பால் இருக்கலாம். அடுத்த மழையில் கல் இன்னும் கொஞ்சம் நகரும். பூ வாங்கிக்கொண்டு வந்தவள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எந்தப் பக்கம்ப்பா நிக்கணும்?" என்று கேட்டேன்.

அப்பா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பள்ளம் இருந்த இடம் முழுவதையும் ஒருமுறை பார்த்தார்.

"எங்கன நின்னாலும் சரிதான்" என்றார்.

அவர் தெற்குப் பக்கம் போய் நின்றார். நான் வடக்குப் பக்கம் நின்றேன்.